வெள்ளிக்கிழமைக் கடிதமும் ஞாயிற்றுக்கிழமை வெற்றியும்

2024 ஜூன் 28 வெள்ளிக்கிழமை. மும்பையில் கோவண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தேவ்னாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தன் ஊழியர்கள் சிலருக்கு ஒரு கடிதம் அனுப்பியது. 55 ஆசிரியர்கள், ஏறக்குறைய 60 ஆசிரியரல்லாத ஊழியர்கள். ஆசிரியர்களில் மும்பையில் 20 பேர், ஹைதராபாத்தில் 15, குவஹாத்தியில் 14, துல்ஜாப்பூரில் 6. டாட்டா கல்வி அறக்கட்டளையிடமிருந்து சம்பள மானியம் வராவிட்டால் ஜூன் 30-ஓடு உங்கள் பணி முடிகிறது என்பது கடிதத்தின் சாரம். நடுவில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. பத்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சுற்றறிக்கை வந்தது. பணம் தர அறக்கட்டளை ஒப்புக்கொண்டுவிட்டது, முந்தைய கடிதம் திரும்பப் பெறப்படுகிறது, எல்லோரும் வேலையைத் தொடரலாம் என்றது. மாணவர் அமைப்புகள் கண்டித்திருந்தன, நாளிதழ்கள் எழுதியிருந்தன. எனவே இதைப் போராட்டத்தின் வெற்றி என்று பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சத்தம் போட்டதால் பணம் சீக்கிரம் வந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் தொழிற்சங்கம் எதற்காக இருக்கிறதோ அந்த வேலை அந்த மூன்று நாளிலும் நடக்கவில்லை, அதற்கு முந்தைய மாதங்களிலும் நடக்கவில்லை. மானியத்துக்காக அறக்கட்டளையோடு பல மாதங்களாகக் கடிதப் போக்குவரத்தும் நேரடிச் சந்திப்பும் நடந்ததாக நிர்வாகமே சொன்னது. அப்படியானால் பேசியவர்கள் இரண்டு தரப்பு: பணம் கொடுப்பவரும் பணம் வாங்குபவரும். அந்தப் பணத்தில் சாப்பிடுகிறவர்களின் பிரதிநிதி அங்கே இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் என் கேள்வி. பணியிட முடிவுகளில் ஊழியர்களைக் கலந்தாலோசிக்கும் ஏற்பாடு நம் பல்கலைக்கழகங்களில் உண்டா? இல்லையென்றால், யார் குற்றம்: சட்டத்துடையதா, நிர்வாகத்துடையதா, சங்கங்களுடையதா?

சம்பவம் நடந்த இடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1936-ல் நாக்பாடாவில் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளியாகத் தொடங்கி, 1954-ல் தேவ்னாருக்கு வந்து, 1964-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான நிறுவனம் இது. இந்தியாவில் தொழிலாளர் நலம் என்ற பாடத்துக்கு முகவரி கொடுத்ததே இதுதான். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் ஒருவர் கட்டாயம் என்றபோது, அந்த அலுவலர்களைப் பயிற்றுவித்த இடங்களில் முக்கியமானது. பணியாளர் மேலாண்மை, தொழில் உறவுகள் என்ற பெயரிலும் பிறகு மனிதவளம், தொழிலாளர் உறவுகள் என்ற பெயரிலும் நடந்துவரும் முதுகலைப் படிப்புக்கு நாடு முழுவதும் போட்டி. ஆட்குறைப்பு நோட்டீஸ் எப்படிக் கொடுக்க வேண்டும், யாரிடம் முன்கூட்டிப் பேச வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் இடத்திலிருந்து அந்த வெள்ளிக்கிழமைக் கடிதம் போனது. இதைக் கிண்டலாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த வகுப்பில் சொல்லப்படும் சட்டத்தில் பெரும்பகுதி, சொல்லிக்கொடுக்கிற ஆசிரியருக்கே பொருந்தாது. கிண்டலைவிட முக்கியமான செய்தி அது.

ஏன் பொருந்தாது என்பதற்கு 3 வழக்குகள் போதும்.

முதலாவது ராம் நாத்துடையது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவிகளுக்கான பஸ் ஓட்டுநர். பஸ் விடுவதில் நஷ்டம் என்று சொல்லி அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள். ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டு அவர் போனார். 1963-ல் உச்ச நீதிமன்றம், பல்கலைக்கழகம் தொழில் நிறுவனம் அல்ல என்றது. அங்கே முதன்மையான வேலை கல்வி. அதைச் செய்கிற ஆசிரியர்கள் தொழிலாளிகள் அல்லர். ஓட்டுநர், குமாஸ்தா போன்றவர்களின் வேலை அதற்குத் துணைதான் என்பது வாதம். இரண்டாவது, பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு: 1978 பிப்ரவரியில் 7 நீதிபதிகள் அமர்வு, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முதன்மையாக எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில், இதைத் தலைகீழாக்கியது. பல்கலைக்கழகமும் தொழில்தான் என்றது. பஸ் ஓட்டுநருக்குப் பதினைந்து ஆண்டு கழித்து நியாயம் கிடைத்தது, ராம் நாத்துக்குக் கிடைத்ததா என்பது வேறு.

மூன்றாவது வழக்கைத் தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டும். கோவாவில் ஒரு பள்ளியில் வேலை பார்த்த ஆசிரியை ஏ. சுந்தராம்பாள். வேலை போனதும் தொழில் தகராறு எழுப்பினார். 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: பள்ளி தொழில் நிறுவனமாக இருக்கலாம், ஆனால் ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல. உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை, மேற்பார்வை என்று சட்டம் சொல்லும் எந்த வகையிலும் கற்பித்தல் சேராது. அது உன்னதப் பணி. இந்த உன்னதத்தின் விலை என்னவென்று பாருங்கள். தொழில் தகராறுச் சட்டத்தின் ஆட்குறைப்புப் பாதுகாப்பு, பணி நிபந்தனைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு, 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் சரிபாதியாக உட்காரும் தொழிற்குழு, எல்லாமே ஆசிரியருக்கு வெளியே போய்விட்டன. அமெரிக்காவில் 1980-ல் யெஷீவா பல்கலைக்கழக வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஆசிரியர்களை வேறு விதமாகப் புகழ்ந்தது: பாடத்திட்டம், சேர்க்கை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் நீங்களே நிர்வாகிகள், உங்களுக்கு எதற்குச் சங்கம் என்றது. ஒரு நாட்டில் ஆசிரியர் மிக உயர்ந்தவர், இன்னொரு நாட்டில் முதலாளிக்குச் சமமானவர். பேரம் பேசும் மேசையிலிருந்து இரண்டு நாட்டிலும் வெளியேதான்.

ஆசிரியரல்லாத 60 பேருக்குச் சட்டம் இருந்ததா? காகிதத்தில் இருந்தது. ஆனால் 1984-ல் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு துணைப்பிரிவு நுழைந்தது. ஒப்பந்த காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால், அல்லது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிற காரணத்தால் வேலை முடிந்தால், அது ஆட்குறைப்பு ஆகாது. மானியம் இருக்கும்வரை வேலை என்று ஒரு வரி போதும். பத்து ஆண்டு உழைத்தவரும் பத்து ஒப்பந்தங்களின் முடிவில் நிற்கிறவராகிவிடுவார். இத்தகைய நடைமுறையைத் தடுக்க மகாராஷ்டிரத்திடம் ஒரு நல்ல ஆயுதம் உண்டு: 1971-ன் தொழிற்சங்க அங்கீகாரச் சட்டம். நிரந்தர ஊழியரின் உரிமைகளைக் கொடுக்காமல் தவிர்க்கவே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பதிலியாக, தற்காலிகமாக வைத்திருப்பது நியாயமற்ற தொழில்முறை என்று அதன் நான்காவது அட்டவணை சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டமும் ‘ஊழியர்’ யார் என்று கேட்டால் பழைய தொழிலாளி வரையறையையே காட்டும். ஆசிரியர் மறுபடி வாசலில்.

இனி இது மேலும் சிக்கலாகும். 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, ‘தொழிலாளி’ வரையறையில் பத்திரிகையாளரையும் விற்பனை மேம்பாட்டு ஊழியரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆசிரியரைச் சேர்க்க அதே வரியில் இடம் இருந்தது, சேர்க்கவில்லை. அதோடு, தர்ம, சமூக, கொடைப் பணியில் முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்பதிலிருந்தே விலக்குகிறது. அறக்கட்டளை நடத்தும் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரையும் குமாஸ்தாவையும் 1963-க்கே திருப்பி அனுப்பப் பார்க்கும். மத்திய அரசுப் பணம் பெரும்பகுதி வரும் தேவ்னார் நிறுவனத்துக்கு இது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. பொருந்தாது என்றே நான் வாதிடுவேன். ஆனால் வாதிட வேண்டியிருக்கிறது என்பதே ஒரு நஷ்டம்தான்.

சரி, தொழிலாளர் சட்டம் வேண்டாம், பல்கலைக்கழகத்துக்கென்று சொந்த ஆட்சிமுறை இருக்கிறதே என்பார்கள். நிர்வாகத் தரப்பின் மிக வலுவான வாதம் இது, சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. பல்கலைக்கழகம் ஆலை மாதிரி அல்ல. கல்விக்குழு, செயற்குழு என்று ஆசிரியர்களே உட்கார்ந்து முடிவெடுக்கும் இடங்கள் இருக்கின்றன. மேலே முதலாளி, கீழே கூலி என்ற கோடு அங்கே மங்கல். சங்கம் நுழைந்தால் தகுதி பார்க்க வேண்டிய இடத்தில் மூப்பு பார்க்கும், எல்லா மாற்றத்தையும் நிறுத்திவைக்கும். கூடவே இன்னொரு வாதமும் உண்டு: கொடையாளர் பணம் நின்றால் நிர்வாகம் எங்கே போகும்? இல்லாத பணத்தைப் பற்றி யாரோடு கலந்தாலோசிப்பது?

முதல் வாதத்துக்குப் பதில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளிலேயே இருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் செயற்குழுவில் ஆசிரியர்கள் இருவருக்கு இடம் உண்டு. பேராசிரியர், இணைப்பேராசிரியர்களிலிருந்து, மூப்பு வரிசையில், சுழற்சி முறையில். தேர்தல் கிடையாது. உதவிப் பேராசிரியருக்கும் ஒப்பந்த ஊழியருக்கும் அந்த வரிசையே கிடையாது. அங்கே உட்காருகிறவர் மதிப்புக்குரியவராக இருக்கலாம், ஆனால் அவரை யாரும் அனுப்பவில்லை. திரும்பி வந்து யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்கு இதில் வேலையே இல்லை. மகாராஷ்டிரத்தின் 2016-ம் ஆண்டுப் பொதுப் பல்கலைக்கழகச் சட்டம் இதைவிட மேல்: செனட்டுக்கு ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பலாம், குறைதீர்ப்புக் குழு, தீர்ப்பாயம் எல்லாம் உண்டு. கலினாவில் இருக்கும் மும்பைப் பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தும். ஹார்பர் ரயில் பாதையில் இந்தப் பக்கம் இருக்கும் நிகர்நிலை நிறுவனங்களுக்குப் பொருந்தாது.

பணம் பற்றிய வாதம் இன்னும் பலவீனம். பணம் இல்லாத நேரத்தில்தான் கலந்தாலோசனை தேவை. மானியம் எந்தத் தேதியில் முடிகிறது, நீட்டிப்பு பற்றி கொடையாளர் என்ன எழுதினார், நிரந்தர இடங்களில் எத்தனை காலி, அதில் யாரைப் பொருத்தலாம், யாருக்கு வேறு திட்டத்தில் இடம் உண்டு: இவை மாதக்கணக்கில் பேச வேண்டிய விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை கிடைத்த உறுதியே இதற்குச் சாட்சி. வெள்ளிக்கிழமை இல்லை என்று சொல்லப்பட்ட பணம் இரண்டு நாளில் உண்டு என்றானது. வங்கிக் கணக்கில் எதுவும் மாறியிருக்கவில்லை, பேச்சு மாறியிருந்தது. அந்தப் பேச்சை மே மாதமே ஊழியர் பிரதிநிதியையும் வைத்துக்கொண்டு நடத்தியிருக்க முடியாதா? அறக்கட்டளைக்குக்கூட அது நல்லது. பத்திரிகையில் தன் பெயர் அப்படி வருவதை எந்தக் கொடையாளரும் விரும்பமாட்டார். 2023-ல் வந்த புதிய விதிகளால் நிறுவனத்தின் தலைமை நியமனம் மத்திய அரசின் கைக்குப் போனதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நியமிப்பது ஒருவர், ஒரு பகுதிச் சம்பளம் கொடுப்பது இன்னொருவர். இரண்டு எஜமானர்கள் இருக்கும் வீட்டில் வேலைக்காரருக்குச் சங்கம் இன்னும் அதிகம் தேவை.

இதே தேவ்னாரிலிருந்து இன்னொரு கதையை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறேன். நகரத்தின் குப்பை வந்து விழும் மலை இங்கேதான் இருக்கிறது. மும்பை மாநகராட்சியின் குப்பை லாரிகளில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்தவர்களைச் சட்டத்தின் பார்வையில் ஊழியர்கள் என்றே மாநகராட்சி ஒப்புக்கொள்ளவில்லை. மிலிந்த் ரானடே தலைமையிலான கச்சரா வாஹ்துக் ஷ்ரமிக் சங் என்ற சங்கம் அவர்களைச் சேர்த்தது. ஒப்பந்தம் என்பது வெறும் திரை, உண்மையான முதலாளி மாநகராட்சிதான் என்று வழக்காடியது. 2014-ல் தொழில் தீர்ப்பாயம் 2,700 பேரை நிரந்தரமாக்கச் சொன்னது. 2017-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எழுதப் படிக்கச் சிரமப்பட்ட பலர் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள். பதிவேட்டில் பெயரின் ஓரெழுத்து மாறியிருந்தால் அதை வைத்தே நிரந்தரத்தை மறுக்கும் நிர்வாகத்தோடு, தீர்ப்புக்குப் பிறகும், ஒவ்வொரு பெயராகப் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் ஜெயித்தார்கள். காரணம் இரண்டு. ஒன்று, சட்டம் அவர்களைத் தொழிலாளி என்றது. இன்னொன்று, அது ஒப்பந்தத் தொழிலாளிகளுக்காகவே உண்டான சங்கம். நிரந்தர ஊழியர் சங்கத்தின் வால் அல்ல.

முதல் காரணத்துக்கு நீதிமன்றத்தைக் குறை சொல்லலாம். இரண்டாவது காரணம் பல்கலைக்கழகச் சங்கங்களை நோக்கித் திரும்புகிறது. அதைச் சொல்லாமல் இந்த எடைபோடல் நேர்மையாகாது.

நம் ஆசிரியர் சங்கங்களின் சாதனையைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. தமிழ்நாட்டில் கல்லூரி ஆசிரியர் சங்கங்களான மூட்டாவும் ஏயுடியும் நடத்திய போராட்டங்களுக்கு முன், தனியார் கல்லூரி ஆசிரியரை முதலாளி காலையில் கூப்பிட்டு மாலையில் அனுப்பிவிடலாம். 1976-ன் தனியார் கல்லூரிகள் முறைப்படுத்தும் சட்டம் வந்தபின் அரசு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் நீக்க முடியாது என்றானது. சங்கம் வாங்கிக்கொடுத்த காப்பு என்றால் அதுதான். மகாராஷ்டிரத்தில் 2013-ல் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பு மாதக்கணக்கில் தேர்வுப் பணியைப் புறக்கணித்தது. அரசு 71 நாள் சம்பளத்தைப் பிடித்தது. 2018 செப்டம்பரில் மறுபடி வேலைநிறுத்தம் தொடங்கியபோதும் அந்த 71 நாள் சம்பளம் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. உறுதிக்கு ஒரு குறையும் இல்லை. பிரச்சினை, அந்த உறுதி யாருக்காகச் செலவானது என்பதில் இருக்கிறது.

2018 பட்டியலில் நியமனத் தடையை நீக்குவதும், பழைய ஓய்வூதியமும், மணிக்கணக்குச் சம்பளத்தில் பாடம் நடத்துகிறவர்களின் ஊதியமும் சேர்ந்தே இருந்தன. ஆனால் கோரிக்கையில் இருப்பதும் சங்கத்துக்குள் இருப்பதும் வேறு வேறு. மகாராஷ்டிரக் கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளம் வாங்கும் ‘தாசிகா’ ஆசிரியர்கள், தமிழ்நாட்டில் கௌரவ விரிவுரையாளர்கள், தேவ்னாரில் திட்ட ஊழியர்கள்: இவர்கள் எல்லோருக்கும் நிரந்தர ஆசிரியர் சங்கம் அனுதாபம் தெரிவிக்கும், தீர்மானம் போடும், சில நேரம் கூடவே தெருவில் நிற்கவும் செய்யும். பொறுப்பாளர் தேர்தலில் அவர்களுக்கு எத்தனை ஓட்டு என்று கேட்டால் பதில் தயக்கமாக வரும். ஆசிரியரல்லாதவர்களுக்குத் தனிச் சங்கம். ஒப்பந்தக்காரர் வழியாக வரும் காவலாளிக்கும் துப்புரவாளருக்கும் பெரும்பாலும் எந்தச் சங்கமும் இல்லை. வேலை போகும் அபாயம் கூடக் கூடச் சங்கத்தின் பிடி தளர்கிறது. ஜூன் 28 கடிதத்தில் ஆசிரியரும் ஆசிரியரல்லாதவரும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். நிர்வாகம் அவர்களை ஒரே தரப்பாகத்தான் பார்த்தது. அவர்கள் தங்களை அப்படிப் பார்க்கும் அமைப்பு இருக்கவில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதற்கு மாற்றுச் சாட்சி. 2012 நவம்பரில் பணமுடை என்று சொல்லிச் சம்பளத்திலும் ஆளிலும் கைவைக்க நிர்வாகம் முனைந்தபோது, ஆசிரியர்களும் ஊழியர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 2013-ல் அரசு சிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாக நியமித்தது, அதே ஆண்டில் தனிச் சட்டம் போட்டு நிறுவனத்தையே எடுத்துக்கொண்டது. உபரி என்று கணக்கிடப்பட்டவர்கள் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். சிதம்பரத்தில் வீடு கட்டியவர் ஏதோ ஒரு மாவட்டத்துக்குப் போய் லாட்ஜில் தங்க வேண்டியிருந்தது உண்மை. அந்த மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் வேலை போகவில்லை. இதைக் கலந்தாலோசனையின் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். அரசு கஜானா திறந்ததால் வந்த தீர்வு அது, எல்லா நிறுவனத்துக்கும் அந்தக் கஜானா கிடைக்காது. என்றாலும் ஒரு விஷயத்தை அது காட்டியது: ஆட்குறைப்புக்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் இடமாற்றம் என்ற வழி இருக்கிறது, இரண்டு வகை ஊழியரும் சேர்ந்து நின்றால் அதைப் பற்றிப் பேச வைக்க முடியும்.

கலந்தாலோசனை சட்டக் கடமையாக இருக்கும் நாட்டில் நிலைமை என்ன? பிரிட்டனில் 1992-ன் சட்டப்படி 20 பேரோ அதற்கு மேலோ நீக்குவதென்றால் 30 நாளும், 100 பேரோ அதற்கு மேலோ என்றால் 45 நாளும் முன்பே சங்கத்தோடு பேச்சைத் தொடங்க வேண்டும். காரணம், எண்ணிக்கை, தேர்ந்தெடுக்கும் முறை எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். தேவ்னார் கணக்கை, நான்கு வளாகங்களையும் ஒன்றாக எண்ணி, அங்கே வைத்துப் பார்த்தால், பேச்சு மே நடுவிலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்டைக் காட்டி ஆசைப்படுவதற்கு முன் ஸ்டிர்லிங் பல்கலைக்கழக வழக்கைப் படிக்க வேண்டும். அங்கே 2009-ல் ஆட்குறைப்பு வந்தபோது, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருந்தவர்களை நிர்வாகம் பேச்சுவார்த்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. யுசியு என்ற ஆசிரியர் சங்கம் விடாமல் வழக்காடி 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது: அவர்களுக்கும் கலந்தாலோசனை உரிமை உண்டு. ஜெயிப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2013-ல், அரசு சட்டத்தைத் திருத்தி, காலம் முடிந்த ஒப்பந்தங்களை அந்தக் கடமையிலிருந்து விலக்கிவிட்டது. நம் 1984 துணைப்பிரிவின் பிரிட்டிஷ் தம்பி. சங்கத்துக்குத் தீர்ப்பு கிடைத்தது, அடுத்த தலைமுறை ஒப்பந்த ஊழியருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கடமை இருக்கும் இடத்திலும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. எனவே கலந்தாலோசனை வேலையைக் காப்பாற்றும் என்று சொல்வது மிகை. அதனால் முடிவது வேறு: பட்டியல் ஏன் இவ்வளவு நீளம் என்று நிர்வாகம் எழுத்தில் சொல்ல வேண்டிவரும், சில பெயர்கள் வெளியே வரும், சிலருக்கு மாற்று இடம் கிடைக்கும், எவருக்கும் வெள்ளிக்கிழமைக் கடிதம் வராது. அதிகம் இல்லை. ஆனால் 115 பேரில் 20 பேருக்கு அது நடந்தாலும் 20 வீட்டு வாடகை.

ஆகவே என் தீர்ப்பு இது. 2024 ஜூனில் தேவ்னாரில் சங்கம் தோற்றது என்று சொல்வதைவிட, ஆட்டத்தில் அது இறங்கவே இல்லை என்பதுதான் சரி. முதல் குற்றவாளி சட்டம். ஆசிரியரைப் புகழ்ந்து வெளியே நிறுத்திய 1988 தீர்ப்பும், ஒப்பந்த ஊழியரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிய 1984 திருத்தமும், வாய்ப்பு வந்தும் சரிசெய்யாத 2020 சட்டத்தொகுப்பும் சேர்ந்து, பேச வேண்டிய கடமையை நிர்வாகத்தின் நல்ல மனசுக்கு விட்டுவிட்டன. நிர்வாகம் இரண்டாவது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தொழிலாளர் உறவுகளைப் பாடமாக நடத்தும் நிறுவனத்துக்கு அதை நடைமுறையாக்க அறிவு இருந்தது, மாதங்களும் இருந்தன. 1997-ல் யுனெஸ்கோ வெளியிட்ட உயர்கல்வி ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரை கூட்டுப் பேரத்தையும் கலந்தாலோசனையையும் தெளிவாகவே கேட்கிறது. அது வெறும் பரிந்துரை என்பதும், சங்க உரிமை பற்றிய 87, 98 என்ற இரண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கைகளை இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்பதும் நமக்குத் தெரியும். ஒரு பல்கலைக்கழகம் தன் விதிப்புத்தகத்தில் எழுதிக்கொள்ள இவை தடையல்ல.

மூன்றாவது சங்கங்கள். அவற்றின் பங்கு சிறியது, ஆனால் உடனே திருத்தக்கூடியது அதுதான். நாடாளுமன்றத்தில் வரையறை மாற எத்தனை ஆண்டு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1978 தீர்ப்பையே மறுபரிசீலனை செய்யும் கேள்வி 2017-ல் 9 நீதிபதிகள் அமர்வுக்குப் போன நாடு இது. உறுப்பினர் விதியை மாற்ற ஒரு பொதுக்குழு போதும். தொழிற்சங்கப் பதிவுக்குச் சட்டம் கேட்பது சிறிய எண்ணிக்கைதான், ஆசிரியரும் எழுத்தரும் நூலக உதவியாளரும் ஒரே சங்கத்தில் இருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. ஒப்பந்த ஊழியருக்கு முழு ஓட்டு, செயற்குழுவில் உறுதியான இடங்கள், திட்ட மானியங்களின் முடிவுத் தேதியை ஆண்டுத் தொடக்கத்திலேயே நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குவது: இந்த மூன்றும் இருந்திருந்தால் ஜூன் கடிதத்தைச் சங்கம் ஜனவரியிலேயே எதிர்பார்த்திருக்கும்.

இதற்கு நிரந்தர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒப்பந்த ஊழியர்களுக்கு ஓட்டுக் கொடுத்தால் பல வளாகங்களில் அவர்களே பெரும்பான்மை ஆகலாம். அகவிலைப்படியும் பதவி உயர்வும் கோரிக்கைப் பட்டியலில் கீழே இறங்கும். காலி நிரந்தர இடங்களை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி சங்கத்துக்குள்ளேயே சண்டையாகும். அந்தச் சண்டைக்குத் தயாராக இல்லாத சங்கத்தை நிர்வாகம் கலந்தாலோசனைக்கு அழைத்தாலும், மேசையில் உட்காருகிறவர் தனக்கு வராத கடிதத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்.